சாஸ் அறைக் கதவு: ‘காடிஸ் கிரெத்தெக்’ பார்த்தவர்கள் சொல்வதும் விட்டுவிடுவதும்

‘காடிஸ் கிரெத்தெக்’ என்ற இந்தோனேசியத் தொடர் நெட்ஃபிளிக்ஸில் வந்தது 2023 நவம்பர் 2 அன்று. மொத்தமே 5 எபிசோட். ஒரு ஞாயிற்றுக்கிழமையில் உட்கார்ந்து முடித்துவிடலாம். ஆனால் பார்த்து முடித்தவர்களிடையே எழும் வாக்குவாதம் அப்படிச் சீக்கிரம் முடிவதில்லை. “காதல் கதை அருமை, சிகரெட் சுருட்டும் பாடம்தான் நீளம்” என்கிறார் ஒருவர். “ராஜா மாதிரிக் கோழை யாரும் இல்லை” என்கிறார் இன்னொருவர். “உடைக்காகவே பார்த்தேன்” என்பவர்கள் உண்டு. “பெண் கையில் சிகரெட்டைக் கொடுத்து அழகாகக் காட்டியது தப்பு” என்பவர்களும் உண்டு. இந்தக் கருத்துகளில் பாதி, தொடர் எந்தத் தொழிலைப் பற்றியது, எந்த ஆண்டில் நடக்கிறது என்பதைக் கணக்கில் எடுத்ததும் வேறு மாதிரி ஆகிவிடுகின்றன. மீதிப் பாதி உண்மையான குறைகள். இரண்டையும் பிரித்துப் பார்க்கத்தான் இந்தக் கட்டுரை. கதை முழுக்கப் பேசப்போகிறேன். பார்க்காதவர்கள் பார்த்துவிட்டு வாருங்கள்.

முதலில் சுருக்கமாகக் கதை. 2001-ல், ஒரு பெரிய கிரெத்தெக் (கிராம்பு சிகரெட்) நிறுவனத்தின் அதிபர் சுராஜா மரணப் படுக்கையில் கிடக்கிறார். வாயில் வருவது ஒரு பெண்ணின் பெயர்: ஜெங் யா. அவர் மனைவியின் பெயர் அதுவல்ல. கடைசி மகன் லெபாஸ் அந்தப் பெண்ணைத் தேடிப் புறப்படுகிறான். வழியில் அரும் என்ற பெண்ணைச் சந்திக்கிறான். இருவரும் பழைய கடிதங்களின் வழியே 1964-க்குப் போகிறார்கள். அங்கே ‘எம்’ என்ற எழுத்தால் மட்டும் குறிப்பிடப்படும் ஓர் ஊரில், இத்ருஸ் மூரியா என்ற கிரெத்தெக் முதலாளியின் மூத்த மகள் தஸியா இருக்கிறாள். அவள்தான் ஜெங் யா. அவள் அப்பா கூட்டிவந்து வேலைக்குச் சேர்த்த இளைஞன்தான் ராஜா, அதாவது பின்னாளில் மரணப் படுக்கையில் கிடக்கும் அந்தச் சுராஜா. தஸியாவாக தியான் சாஸ்த்ரோவர்தோயோ, ராஜாவாக ஆரியோ பாயு, அரும் ஆக புத்ரி மரினோ, லெபாஸாக ஆர்யா சலோகா. இயக்கம் கமீலா அந்தினி, இஃபா இஸ்ஃபான்ஷா தம்பதி. மூலம் ராத்தி குமாலா 2012-ல் வெளியிட்ட அதே பெயர் கொண்ட நாவல்.

‘காடிஸ்’ என்றால் மணமாகாத இளம்பெண். ‘கிரெத்தெக்’ என்றால் கிராம்பு கலந்த சிகரெட். புகைக்கும்போது கிராம்புத் துணுக்கு ‘கிரெத்… தெக்’ என்று வெடிக்கும் சத்தமே பெயராகிவிட்டது. நம் ‘சடசட’, ‘நெறுநெறு’ போன்ற ஒலிக்குறிப்புச் சொல்தான்.

இனி அந்த “நீளம்” என்ற புகாருக்கு வருவோம். முதல் இரண்டு எபிசோடுகளில் புகையிலையை முகர்வது, கிராம்பைத் தடவுவது, பெண்கள் வரிசையாக உட்கார்ந்து சுருட்டுவது என்று காட்சிகள் நின்று நிதானமாகப் போகின்றன. காதலுக்காகக் காத்திருப்பவர்களுக்கு இது அலுப்பு. ஆனால் தஸியாவும் ராஜாவும் ஒருவரை ஒருவர் அறிந்துகொள்வதே இந்த வேலைக்குள்தான். வேலை புரியாவிட்டால் காதல் எந்த இடத்தில் தொடங்கியது என்பதே தெரியாமல் போய்விடும். அதனால் கிரெத்தெக் எப்படி உருவாகிறது என்பதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

முதலில் புகையிலை. மத்திய ஜாவாவில் சும்பிங், சிந்தோரோ என்ற இரட்டை எரிமலைகளின் சரிவில் உள்ள தெமாங்குங் பகுதிப் புகையிலைக்குத்தான் உச்ச மதிப்பு. வாங்குபவர் மூன்றைப் பார்ப்பார்: நிறம், கைப்பிடி, மணம். கைப்பிடி என்பது ஒரு பிடி எடுத்து அழுத்திவிட்டு விடும்போது அது எப்படி விரிகிறது, விரலில் பிசுபிசுப்பு எவ்வளவு ஒட்டுகிறது என்பது. நல்ல சரக்கு மெல்ல விரியும். எண்ணெய்ப் பசை தெரியும். இங்கே நடக்கும் திருட்டுத்தனமும் பழையது. வேறு பகுதியின் மலிவுப் புகையிலையை நடுவில் செருகுவது ஒன்று, சர்க்கரை கலந்து எடையையும் பசையையும் கூட்டுவது இன்னொன்று. மேலாக அள்ளிப் பார்த்தால் பிடிபடாது. கூடையின் நடுவில் கைவிட்டு எடுத்து முகர வேண்டும். தஸியா புகையிலைக்குள் கைவிட்டு மூக்கருகே கொண்டுபோகும் காட்சிகளை இந்தக் கண்ணோடு பாருங்கள். கொள்முதலில் ஏமாந்தால் அந்த ஆண்டின் சரக்கு முழுவதும் கெடும் என்ற நிலையில், அப்பாவின் தொழிலைக் காக்கும் மூக்கு அவளுடையது. அவளை அறிமுகப்படுத்த இதைவிடப் பொருத்தமான வழி இல்லை.

அடுத்தது கிராம்பு. விரியாத மொட்டாகப் பறித்து, சில நாள் வெயிலில் காயவைத்தால் நாம் அறிந்த கருப்புக் கிராம்பு. அதை அப்படியே நறுக்கினால் பொடியாகிவிடும். பொடி சிகரெட் நுனியிலிருந்து கொட்டும், இழுப்பையும் அடைக்கும். அதனால் முதலில் மணிக்கணக்கில் தண்ணீரில் ஊறவைத்து, இளகியதும் சன்னமாக நறுக்கி, மறுபடி காயவைக்கிறார்கள். ஈரம் மிஞ்சினால் பூஞ்சை பிடிக்கும்; நெருப்பும் அணைந்து அணைந்து போகும். அளவுக்கு மீறிக் காய்ந்தால் வெடிப்பு அதிகமாகி, தீப்பொறி தெறித்துச் சட்டையில் ஓட்டை விழும். ஒரு கிரெத்தெக்கில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு புகையிலை, ஒரு பங்கு கிராம்பு. பிராண்டுக்குப் பிராண்டு கொஞ்சம் மாறும்.

மூன்றாவது, சாஸ். இந்தோனேசியாவில் ‘சவுஸ்’ என்பார்கள். தக்காளி சாஸ் இல்லை. பழச்சாறுகள், சர்க்கரை, வாசனைச் சத்துகள் முதலியவற்றைச் சேர்த்துக் காய்ச்சிய ரகசியக் கலவை. புகையிலைமேல் தெளித்து ஊறவிடுவார்கள். ஒரே ஊர்ப் புகையிலை, ஒரே ஊர்க் கிராம்பு வாங்கும் இரண்டு கம்பெனிகளின் சரக்கு வேறு வேறு ருசியில் இருப்பதற்குக் காரணம் இதுதான். அதனால் சாஸ் கலப்பவருக்குக் கம்பெனியில் தனி மரியாதை, அவர் அறைக்குத் தனிப் பூட்டு. அதிகம் தெளித்தால் புகையிலை நசநசவென்று ஆகி, சுருட்டிய தாள் பழுப்பேறும். குறைத்தால் ருசி கிராம்போடு நின்றுவிடும்.

கடைசியாகச் சுருட்டல். ஜாவாவின் கிரெத்தெக் ஆலைகளில் இது பெரும்பாலும் பெண்களின் வேலை. மரச்சட்டம், அதில் ஒரு கைப்பிடி, ஒரு துணிப்பட்டை; இவ்வளவுதான் கருவி. தாளை வைத்து, கலவையைப் பரப்பி, கைப்பிடியை இழுத்தால் உருண்டு வரும். ஓரத்தில் ஒரு கோடு பசை. கையால் சுருட்டிய கிரெத்தெக் சீரான குழலாக இருக்காது. பற்றவைக்கும் முனை பருத்தும், வாயில் வைக்கும் முனை சிறுத்தும் கூம்பாக இருக்கும். சுருட்டுபவருக்குப் பக்கத்தில் இன்னொரு பெண் கத்தரியோடு இருப்பார். முனையில் நீட்டிக்கொண்டிருக்கும் புகையிலை மயிர்களை வெட்டிச் சமன் செய்வது அவர் வேலை. இதற்கு ‘பத்தில்’ என்று பெயர். கைதேர்ந்தவர் மணிக்கு 300-க்கு மேல் சுருட்டிவிடுவார். இறுக்கிவிட்டால் இழுத்தால் புகை வராது. தளர்ந்தால் நெருப்புக் கங்கு உதிர்ந்து விழும். இரண்டுமே தரப் பார்வையில் கழிவு. கூலி எண்ணிக்கைக் கணக்கு என்பதால் கழிவு என்றால் அந்தப் பெண்ணின் வருமானத்தில்தான் கை வைக்கும்.

இவ்வளவும் தெரிந்தபின் அந்தச் சாஸ் அறைக் கதவைப் பாருங்கள். கம்பெனியில் தஸியாவுக்கு எல்லா அறையும் திறந்திருக்கிறது, அது ஒன்றைத் தவிர. பெண் உள்ளே வந்தால் சாஸ் புளித்துவிடும் என்று நம்பிக்கை. சாஸ் கலப்பவரான திப்ஜோ அதில் உறுதியாக நிற்கிறார். கொள்முதல் செய்யும் மூக்கு பெண்ணுடையது, சுருட்டும் கை பெண்ணுடையது, நடுவில் உள்ள அந்த ஒரே ஒரு அறிவு மட்டும் ஆண்களுக்கு. அதுவே லாபம் தீர்மானமாகும் இடம். ராஜா அவளுக்காகச் செய்யும் முதல் பெரிய காரியம் பூ கொடுப்பதோ கவிதை எழுதுவதோ அல்ல. அந்த அறைக்குள் அவள் நுழைய வழி செய்வது. இதில் கண் வைக்காதவர்களுக்குத்தான் “இவர்கள் எப்போது காதலித்தார்கள்?” என்ற கேள்வி வருகிறது.

நாவல் படித்தவர்களின் மனக்குறை இங்கே வேறு மாதிரி. நாவலில் தஸியா சுருட்டும் கிரெத்தெக்கின் தனி இனிப்புக்குக் காரணம் அவள் உமிழ்நீர். விரலில் ஒட்டிய சாஸும் புகையிலைத் துகளும் சேர்த்து, தாளை நாவால் நனைத்து ஒட்டித் தன் கையாலேயே ஒன்று சுருட்டுவாள். ‘லிந்திங் தேவே’, அதாவது ‘தானே சுருட்டியது’ என்ற ஜாவானியச் சொற்களைச் சேர்த்து ‘திங்வே’ என்பார்கள். அதற்குப் பின்னால் ரோரோ மெந்துத் என்ற பழைய ஜாவானியக் கதை இருக்கிறது. தளபதி விராகுனாவுக்கு மனைவியாக மறுத்ததால் வரி விதிக்கப்பட்ட ஒரு பெண், தன் இதழ் பட்ட சுருட்டுகளை ஆண்களுக்கு விற்று அந்த வரியைக் கட்டுகிறாள். ஜாவாவில் வளர்ந்தவர்களுக்கு அந்த உமிழ்நீர்க் குறிப்பு உடனே பிடிபடும். தொடர் அதைப் பின்னுக்குத் தள்ளி, தஸியாவின் கைத்திறனை முன்னுக்குக் கொண்டுவந்திருக்கிறது. நாட்டார் மணம் குறைந்தது என்ற வருத்தம் நியாயம்தான். ஆனால் என் மனம் தொடரின் பக்கமே சாய்கிறது. உமிழ்நீர் பிறப்பில் வந்த பாக்கியம். சாஸ் கற்றுத் தோற்று மறுபடி கலந்து அடைந்தது. அவளிடமிருந்து பின்னால் பறிபோவதும் அதுவே என்பதால், அது அவள் உழைத்துச் சம்பாதித்ததாக இருந்தால்தான் இழப்பின் எடை நமக்குத் தெரியும்.

உடை பற்றி எல்லாரும் பேசிவிட்டார்கள் என்றாலும் ஒரு விஷயம் சொல்ல வேண்டியிருக்கிறது. தஸியா அணியும் கழுத்து மூடிய கருப்பு உடை ‘கெபாயா ஜங்கான்’. ‘கெபாயா’ என்பது இந்தோனேசியப் பெண்களின் பாரம்பரிய மேலாடை. ஜாவானிய உயர்மொழியில் ‘ஜங்கா’ என்றால் கழுத்து. யோக்யகர்த்தா அரண்மனையில் பணிபுரியும் பெண்களின் உடையாக அறியப்பட்டது. நிமிர்ந்த காலர், முழுக்கை, முன்பக்கம் குறுக்காக மடிந்து பொத்தான் வெளியே தெரியாமல் மூடும் வெட்டு. தொடருக்குப் பின் இந்தோனேசியாவில் இதற்குப் பெரிய மவுசு வந்தது. “வணிகர் வீட்டுப் பெண் தினமும் வேலைக்கு இதை அணிவாளா?” என்ற ஆட்சேபம் சரியானதே. பக்கத்தில் தங்கை ருகாயாவையும் வைத்துப் பாருங்கள்: பூப்போட்ட, இளம் நிறக் கெபாயா. அக்காள் மட்டும் அரண்மனைப் பணியாளர் போலக் கழுத்துவரை மூடிக்கொண்டிருக்கிறாள். ஊர் வழக்கத்தைவிட அவள் மனநிலையைத்தான் உடை வடிவமைப்பு பின்பற்றியிருக்கிறது. வரலாற்றுத் துல்லியத்தை விட்டுக்கொடுத்து ஆளைத் துல்லியமாகக் காட்டிய தேர்வு என்று இதை ஏற்கலாம்.

பார்த்துவிட்டுத் தைக்கக் கொடுப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. மெல்லிய லேஸ் துணியில் இது எடுபடாது; காலர் மடங்கி விழுந்துவிடும். கனமான பருத்தி அல்லது வெல்வெட், காலருக்குள் கேன்வாஸ், காலர் உயரம் 3 முதல் 4 செ.மீ. கழுத்தளவுக்கு மேல் ஒரு விரல் நுழையும் இடம் விட்டால் போதும். அதற்கு மேல் விட்டால் அந்த நிமிர்வே போய்விடும்.

இனி பெரிய சண்டை: ராஜா கோழையா? கம்யூனிஸ்ட் கட்சி சார்ந்தவர்களோடு அவன் வைத்த வியாபாரத் தொடர்பு இத்ருஸ் குடும்பத்தைச் சிக்கலில் இழுத்துவிடுகிறது. இத்ருஸும் தஸியாவும் பிடிபடுகிறார்கள். ராஜா தப்பி, இத்ருஸின் போட்டியாளர் சுஜகாத்திடம் அடைக்கலம் போகிறான். அவர் மகள் புர்வந்தியை மணக்கிறான். தஸியாவின் கலவை அந்த வீட்டின் பிராண்டாகிறது. “அவள் ஜெயிலில் இருக்க இவன் கல்யாணம் பண்ணிக்கொண்டான்” என்று திட்டாத பார்வையாளர் இல்லை.

இங்கே ஆண்டைப் பார்க்க வேண்டும். 1965 செப்டம்பர் 30 இரவு தொடங்கி மறுநாள் விடிவதற்குள் ஜகார்த்தாவில் 6 ராணுவ ஜெனரல்களும் ஒரு லெப்டினன்ட்டும் கொல்லப்பட்டார்கள். பழி இந்தோனேசியக் கம்யூனிஸ்ட் கட்சிமேல் விழுந்தது. சீனா, சோவியத் யூனியனுக்கு அடுத்து உலகிலேயே பெரிய கம்யூனிஸ்ட் கட்சி அது. சுகார்த்தோ தலைமையில் ராணுவம் கையில் அதிகாரம் வந்தது. அக்டோபரிலிருந்து 1966 வரை நடந்த படுகொலையில் குறைந்தது 5 லட்சம் பேர் இறந்தார்கள் என்பது பொதுவாக ஏற்கப்படும் மதிப்பீடு. 10 லட்சம் என்பவர்களும் உண்டு. மத்திய ஜாவா, கிழக்கு ஜாவா, பாலி, வட சுமத்ரா ஆகியவை மிக மோசமாக அடிபட்ட பகுதிகள். லட்சக்கணக்கானோர் விசாரணையே இல்லாமல் அடைக்கப்பட்டார்கள். ஆண்களில் ஆயிரக்கணக்கானவர்கள் புரு தீவுக்கு அனுப்பப்பட்டார்கள். பெண்களில் ஒரு பகுதியினரை 1971-லிருந்து மத்திய ஜாவாவின் பிளாந்துங்கான் முகாமில் வைத்தார்கள். அது முன்பு தொழுநோயாளிகளுக்கான இடம்.

பிடிபடுவதற்கு ஒருவர் கட்சி உறுப்பினராக இருக்க வேண்டியதில்லை. கட்சி சார்ந்த கலைக்குழுவில் ஆடியிருந்தாலோ, விவசாயிகள் சங்கக் கூட்டத்துக்குப் போயிருந்தாலோ, பக்கத்து வீட்டுக்காரனுக்கு நிலத்தகராறு இருந்தாலோ கூடப் போதும். பட்டியலில் பெயர் ஏறியவனோடு தொடர்பு வைத்தவனும் பட்டியலில் ஏறினான். இந்தச் சூழ்நிலையில் ராஜாவுக்கு மூன்று வழிகள்தாம் இருந்தன: சரணடைந்து சாவது, காணாமல் போவது, செல்வாக்குள்ள ஒருவரின் நிழலில் ஒதுங்குவது. மூன்றாவதைத் தேர்ந்தான். அதனால் 1965 அக்டோபரில் அவன் ஓடியதற்காக அவனைக் கோழை என்பதை நான் ஒப்பமாட்டேன். ஆனால் கணக்கு அங்கே முடியவில்லை. அலை அடங்கிய பிறகும், அவள் கண்டுபிடித்த ருசியைத் தன் மாமனார் வீட்டுப் பெட்டியில் அடைத்து ஆண்டாண்டுக்கு விற்றானே, அது பயத்தில் செய்ததல்ல. அதில் வசதி இருந்தது. பார்வையாளர்கள் அவன் கல்யாணத்தின்மேல் கோபப்படுகிறார்கள். கோபம் போக வேண்டிய இடம் அந்தச் சிகரெட் பெட்டி.

தொடரின் உண்மையான பலவீனமும் இதே பகுதிதான். யார் பிடித்தார்கள், ஏன், எந்த அமைப்பு, எந்த உத்தரவு என்பதெல்லாம் புகைமூட்டமாகவே கடந்துபோகிறது. இந்தோனேசியப் பார்வையாளர்களுக்கு ஒரு சிவப்பு நிறம் போதும், ஒரு ராணுவ லாரிச் சத்தம் போதும். சுகார்த்தோ காலத்தில் 1984-ல் எடுத்த ஓர் அரசுப் படத்தை ஒவ்வொரு செப்டம்பரிலும் பார்த்தே வளர்ந்த தலைமுறை அது. அந்தப் படம் காட்டியது கொல்லப்பட்ட ஜெனரல்களை மட்டும்தான். மற்ற லட்சங்களை அல்ல. கம்யூனிஸ்ட் கட்சிமீதான 1966-ன் தடைத் தீர்மானம் இன்றும் அமலில் இருக்கிறது. 2023 ஜனவரி 11 அன்றுதான் அப்போதைய அதிபர் ஜோகோ விடோடோ, 1965-66 உட்பட 12 நிகழ்வுகளில் மோசமான மனித உரிமை மீறல் நடந்ததை ஒப்புக்கொண்டு வருத்தம் தெரிவித்தார். அதே ஆண்டு நவம்பரில் இந்தத் தொடர் வருகிறது. எவ்வளவு கவனமாக அடி எடுத்து வைத்திருப்பார்கள் என்று புரிகிறது. ஆனாலும் 190 நாடுகளுக்குப் போகும் ஒரு தொடரில், வெளியிலிருந்து பார்ப்பவருக்கு இது ஏதோ தனிப்பட்ட பகையால் வந்த கெடுதல் போலத் தெரிந்துவிடுகிறது. ஒரு பழைய செய்தித்தாள் தலைப்பு, ஒரு வானொலி அறிவிப்பு கூடுதலாக இருந்தாலே போதுமானதாக இருந்திருக்கும்.

இன்னொரு மௌனத்தைப் பற்றி யாரும் அதிகம் பேசுவதில்லை. கிரெத்தெக்கின் பிறப்பிடமாகக் கருதப்படும் ஊர் குதுஸ். மார்வலிக்குக் கிராம்பெண்ணெய் தேய்த்துவந்த ஜம்ஹாரி என்பவர், கிராம்பையே புகையிலையில் கலந்து புகைத்துப் பார்த்தார் என்றும், 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அப்படித்தான் கிரெத்தெக் பிறந்தது என்றும் அந்த ஊர்க் கதை. அதைப் பெருந்தொழிலாக்கியவர் ‘பால் தீகா’ பிராண்டின் நிதிசெமிதோ. அவர் ஜாவாக்காரர். ஆனால் பின்னாளில் நிலைத்த பெரிய வீடுகள், 1913-ன் சம்பூர்ணா, 1951-ன் ஜாரும், 1958-ன் கூடாங் காரம் ஆகிய மூன்றுமே சீன வம்சாவளி இந்தோனேசியர்கள் தொடங்கியவை. தொடரின் இரண்டு போட்டிக் குடும்பங்களும் ஜாவானியக் குடும்பங்கள். ராத்தி குமாலாவின் தாத்தாவே கிரெத்தெக் தொழில் செய்தவர் என்பதால் நாவலின் தேர்வு இயல்பானது. இருந்தாலும், இதுதான் கிரெத்தெக்கின் முழு வரலாறு என்று நினைத்துவிட வேண்டாம்.

2001 பகுதியைப் பற்றிப் பெரும்பாலோர் சொல்வது உண்மை: அது தளர்வாக இருக்கிறது. லெபாஸும் அரும்மும் கடிதத்தைப் படிப்பதற்காகவே அடுத்த இடத்துக்குப் போகிறார்கள். அரும் தஸியாவின் மகள்தான் என்ற செய்தி வரும்போது, அது புத்ரி மரினோவின் முகத்தால் காப்பாற்றப்படுகிறது, எழுத்தால் அல்ல. நாவலில் லெபாஸும் அவன் இரண்டு அண்ணன்களும் போடும் சண்டையும் பயணமும் கதைக்குக் கொடுத்த உயிர்ப்பு இங்கே இல்லை.

புகைபிடித்தல் பற்றிய விமர்சனத்தைத் தட்டிக் கழிக்க முடியாது. 2021-ன் உலக வயதுவந்தோர் புகையிலைக் கணக்கெடுப்பின்படி இந்தோனேசியாவில் ஆண்களில் 64.7 சதவீதம் பேர் புகைபிடிக்கிறார்கள்; பெண்களில் 2.3 சதவீதம். உலக சுகாதார நிறுவனத்தின் புகையிலைக் கட்டுப்பாட்டு உடன்படிக்கையில் சேராத சில நாடுகளில் அதுவும் ஒன்று. கிராம்பில் உள்ள யூஜினால் என்ற பொருள் தொண்டையை மரத்துப்போகச் செய்யும்; பல்வலிக்கு நாம் கிராம்புத் தைலம் வைப்பது இதே குணத்துக்காகத்தான். எரிச்சல் தெரியாததால் புகை ஆழமாக உள்ளே போகும். ‘மூலிகை சிகரெட்’ என்ற எண்ணம் யாருக்காவது இருந்தால் அதை இப்போதே விட்டுவிடலாம். உள்ளே இருப்பது மூன்றில் இரண்டு பங்கு புகையிலை. தொடரில் மஞ்சள் வெளிச்சத்தில் சுருளும் புகை அழகாகத்தான் இருக்கிறது, அந்த அழகுக்கு ஈடாக உடல் கொடுக்கும் விலை திரையில் எங்கும் இல்லை. தஸியாவின் கையில் இருக்கும் கிரெத்தெக் அவள் செய்த பொருளை அவளே சோதிப்பதற்கு என்று கதைக்குள் காரணம் உண்டு. மற்ற சில காட்சிகளுக்கு அந்தக் காரணமும் கிடையாது. இந்த இடத்தில் குறை சொல்பவர்களோடு நான் முழுதாக உடன்படுகிறேன்.

மொழி பற்றி ஜாவாக்காரர்கள் சொல்லும் குறை மற்றவர்களுக்கு எட்டுவதே இல்லை. 1964-ல் மத்திய ஜாவாவில் ஒரு வீட்டுக்குள் பேசும் மொழி ஜாவானியம். அதில் எதிரில் இருப்பவரைப் பொறுத்துச் சொற்களே மாறும். சமமானவரிடம் ‘ங்கோகோ’, மேலானவரிடம் ‘க்ரோமோ’. சாப்பிடு, தூங்கு, வீடு என்ற சாதாரணச் சொற்களுக்கே வேறு வேறு சொல். வேலைக்காரனாக வந்த ராஜா முதலாளி மகளிடம் க்ரோமோவில் தொடங்கி, என்றைக்கு ங்கோகோவுக்கு இறங்கினான் என்பதிலேயே ஒரு முழுக் காதலைச் சொல்லியிருக்கலாம். தொடர் பெரும்பாலும் இந்தோனேசிய மொழியிலேயே பேசுவதால் அந்த வாய்ப்பு போய்விட்டது. நாடு முழுக்கப் புரிய வேண்டும் என்ற கட்டாயம் தெரிகிறது, இழப்பும் தெரிகிறது.

மிஞ்சியிருப்பது விளிச்சொற்கள் மட்டும். அவன் அவளுக்கு ‘மாஸ் ராஜா’. ‘மாஸ்’ என்பது அண்ணன், கணவன், கொஞ்சம் மூத்த ஆண் எல்லாருக்கும் பொருந்தும். அவள் ‘ஜெங் யா’. ‘ஜெங்’ என்பது ‘தியாஜெங்’ என்பதன் சுருக்கம். தங்கை முறையில் இருப்பவளை, மனைவியை, மதிப்புக்குரிய இளைய பெண்ணை அழைப்பது. அன்பும் மரியாதையும் சரிபாதியாக இருக்கும் சொல். ‘யா’ என்பது தஸியாவின் வால்.

லெபாஸின் தேடல் ஏன் அவ்வளவு சுற்றிப் போகிறது என்று அலுத்துக்கொள்பவர்கள் இதை யோசிக்க வேண்டும். அவன் கையில் இருப்பது கூப்பிடும் பெயர் மட்டும். எந்தக் கம்பெனிப் பதிவேட்டிலும், சிறைப் பட்டியலிலும், கல்யாணச் சான்றிதழிலும் ஜெங் யா என்று ஒருத்தி இருக்க மாட்டாள். தஸியா என்ற பெயரோ கைதானவர்கள் வரிசையில் போய்ச் சேர்ந்தது. விடுதலையான அரசியல் கைதிகளின் அடையாள அட்டையில் பின்னாளில் ‘ஈ.டி.’ என்ற இரண்டு எழுத்தைக் குத்தினார்கள், ‘முன்னாள் அரசியல் கைதி’ என்பதன் சுருக்கமாக. அவர்களின் பிள்ளைகளுக்கு அரசு வேலை கிடைக்காது, ராணுவத்தில் இடமில்லை. வீட்டில் அப்படி ஒருவர் இருந்தால், அடுத்த தலைமுறைக்காக அந்தப் பெயரை வாயில் எடுக்காமல் விட்டுவிடுவதே வழக்கம். சுகார்த்தோ பதவி விலகியது 1998 மே மாதம். தொடர் காட்டும் 2001 அதற்கு மூன்றே ஆண்டு கழித்து. அதுவரை அரும்முக்கு அவள் அம்மாவின் பெயரை யாரும் சொல்லவில்லை.